ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த பணம்

பதினோரு இரவுகள்தான் கைவசம்.
கேமரா ஒன்று, அதுவும் வாடகை பாக்கியோடு.
துப்பறிவாளர்கள் வந்திறங்கும் கார்
ஒக்தாவின் மாமனாருடையது;
விடிவதற்குள் பெட்ரோல் போட்டு
எடுத்த இடத்தில் விட்டுவிட வேண்டும்.
கான்ஸ்தான்ட்சா துறைமுகத்தில்
தானியக் கிடங்குக்குப் பின்னால்
மழைக்குப் பணமில்லாமல்
வாளி வாளியாய்த் தரையை நனைத்தோம்.
ஒரே ஒரு தெருவிளக்கு ஈரத்தில் விழுந்து நீண்டது.
போதும் என்றான் ஒக்தாவ்,
இதுதான் நம் நகரம்.

நான் ஒலிப்பதிவு.
மற்றவர்கள் முகத்தைப் பார்க்கும்போது
மைக் கம்பைத் தூக்கிப் பிடித்தபடி
மூச்சைக் கேட்பவள்.

மூத்த துப்பறிவாளராய் நடித்தவர் ப்ரிக்கோப்.
இருபத்திரண்டு வருடம் நிஜமாகவே
அந்த வேலையில் இருந்தவர்.
ஏன் விட்டார் என்று
யாரும் கேட்கவில்லை.
சம்பளம் வேண்டாம்,
ராத்திரிக்குச் சூடாக ஏதாவது கொடுங்கள் என்றார்.

மூன்றாம் இரவு, லஞ்சக் காட்சி.
இங்கே நிஜ நோட்டு பிளாஸ்டிக், மடித்தால் திமிறும்.
எங்களுடையது ஜெராக்ஸ் கடைப் பணம்,
ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெறும் வெள்ளை.
சிகரெட் கடத்துகிறவன் உறையை நீட்டுகிறான்.
ப்ரிக்கோப் அதைப் பார்க்கவே இல்லை.
அவன் மகனின் பல்வலியை விசாரித்தார்,
எந்த டாக்டர் நல்லவர் என்று சொன்னார்.
உறை இருந்தது.
பிறகு இல்லை.
என் காதில்
காகிதத்தின் ஒரு முனகல்கூட விழவில்லை.

கட் சொன்ன ஒக்தாவின் குரல் சற்றுச் சிறுத்திருந்தது.
"ஐயா, பார்க்கிறவர்களுக்குப் புரியாது.
இன்னும் கொஞ்சம் மோசமாக வாங்குங்கள்."
மோசமாக வாங்க
அவருக்கு ஒன்பது டேக் ஆயிற்று.
சத்தத்துக்கு நான்
பிஸ்கெட் உறையைக் கசக்கிச் சேர்த்தேன்.

எட்டாம் இரவு நிஜப் போலீஸ் வந்தது.
அனுமதிச் சீட்டு இருந்தது,
இரண்டு தெரு தள்ளி.
ஸ்மரண்டா சூப்புக்கு வைத்திருந்த
இருநூறு லெய்யை எடுத்துக்கொண்டு போனாள்.
காருக்குள் ப்ரிக்கோப் புகைத்துக்கொண்டிருந்தார்.
அவரைப் பார்த்ததும்
அந்த இருவரில் வயதானவனின் கை
தொப்பிவரை உயர்ந்தது,
பாதியில் மனம் மாறிக்
காதைச் சொறிந்தது.
பணத்தை வாங்கவும் செய்தான்.

"எவ்வளவு?" என்றார் ப்ரிக்கோப்.
சொன்னாள்.
சிகரெட்டைக் கவனமாக அணைத்தார்,
மீதியைப் பெட்டியில் வைத்தார்,
இறங்கி நடந்து
அவர்கள் ஜன்னலில் குனிந்தார்.
என் கம்பு தானாகவே அந்தப் பக்கம் திரும்பியது.
வடகிழக்குக் காற்று பேயாய் வீசிக்கொண்டிருந்தது.
இப்போதும் அந்தப் பதிவு என்னிடம் இருக்கிறது:
காற்று, கிரேன் சங்கிலி, காற்று,
ஒரு சிரிப்பு. யாருடையது என்று தெரியாது.
காற்று.

திரும்பி வந்தவர்
ஸ்மரண்டாவின் உள்ளங்கையில் பணத்தை வைத்தார்.
முந்நூறு.
அவள் மறுபடி எண்ணினாள்.
மூன்றாவது நோட்டை மட்டும்
விளக்கடியில் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தாள்.
இரண்டு பக்கமும் அச்சு.

"ரொட்டியும் சேர்த்து வாங்கு" என்றார்.

குடல் சூப், பூண்டும் புளிப்பும் தூக்கலாக.
ஒன்பது பேர் நின்றுகொண்டே குடித்தோம்.
அந்த நூறு யாருடையது என்று
ஒக்தாவ் கேட்பான் என்று நான் நினைத்தேன்,
நான் கேட்பேன் என்று அவன் நினைத்திருக்கலாம்.
ஸ்மரண்டா ரொட்டியால் கிண்ணத்தை வழித்தாள்.
ப்ரிக்கோப் இரண்டாம் கிண்ணம் வாங்கினார்.

ஒவ்வொரு இடத்திலும் கிளம்பும் முன்
அந்த இடத்தின் வெறும் மௌனத்தை
அரை நிமிடம் பதிவு செய்ய வேண்டும்,
வெட்டும்போது இடைவெளிகளை நிரப்ப.
வழக்கமாக யாராவது இருமுவார்கள்,
யாராவது சிரிப்பார்கள்,
நான் கத்துவேன்.
அன்று
கை மட்டும்தான் உயர்த்தினேன்.